மந்திரிக்காத திராட்சை

பந்தலில் தொங்கிய திராட்சைக் கொத்தை எட்டிப் பிடித்த பிரிஜெட்டின் கையைக் கிழவி சுள்ளென்று தட்டிவிட்டாள்.

"தொடாதே. இன்னும் மந்திரிக்கலை."

பக்கத்தில் நின்ற மாமியார் ஜோசஃபினுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் ஜென்மப் பகைக்காரன்கூட இல்லையென்று சொல்லமாட்டான். அதிலும் பிரிஜெட்டுக்கு இது மூன்றாவது. முன்னது இரண்டும் முகம் பார்க்கும் முன்பே மண்ணுக்குப் போய்விட்டன. இந்தத் தடவையும் சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டு, துரும்பாய்த்தான் கிடந்தாள். இன்றைக்குத்தான் பந்தலைப் பார்த்துவிட்டு, "அத்தை, அதுல ரெண்டு பழம் தின்னணும்போல இருக்கு" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் மாதர் சங்கத்தை வேன் பிடித்துக் கூட்டிவந்தவர் நோயல் மாஸ்டர். 'ஆர்மீனியர் வழிபாடும் சாப்பாடும்: ஒரு நாள் சுற்றுலா' என்று கோயில் பலகையில் எழுதிப்போட்டிருந்தார். பட்டும் ரத்தினமும் விற்க மதராசுக்கு வந்தவர்களில் சில குடும்பம் இந்தப் பக்கமும் வந்து தங்கிவிட்டது என்று காலையில் கல்லறைத் தோட்டத்தில் புரியாத எழுத்து வெட்டிய கற்களைக் காட்டிச் சொன்னார். மத்தியானத்துக்கு மிஸ் கேத்தரின் வீடு. அவருக்குத் தெரிந்து இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஆர்மீனிய ஜீவன் அந்தக் கிழவிதான்.

மெழுகுவத்திப் புகை படிந்த ஜெப அறையைப் பார்த்தாயிற்று. திராட்சை இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி அவித்ததைத் தின்றாயிற்று. "பீடா மாதிரியே இருக்கு, சுண்ணாம்புதான் தடவலை" என்று கூட வந்த டோரீன் சொன்னதற்குச் சிரித்தும் ஆயிற்று. அப்புறம்தான் கொல்லைப்புறத்தில் இந்தக் கூத்து.

"இலையைத் திங்கலாமாம், பழம் ஆகாதாமா?" என்றாள் டோரீன்.

நோயல் மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க சபை வழக்கம்மா அது. மாதா திருநாளை ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை சாமியார் வந்து திராட்சையை மந்திரிப்பார். அதுக்கு முந்தி ஒரு பழம் வாயில வைக்கமாட்டாங்க."

"இன்னைக்குத்தானே அந்த ஞாயிறு?"

"இன்னைக்குத்தான். சாமியாருக்கு எங்கே போக? முந்தி கல்கத்தாவுலேர்ந்து வருவார். இவங்க அண்ணன் செத்தப்புறம் யாரும் வர்றதில்லை. ஒரே ஒரு கிழவிக்காக அத்தனை தூரம் யார் ரயில் ஏறுவா?"

"அப்போ இந்தப் பழமெல்லாம்?"

"காக்கா குருவிக்கு. அண்ணன் போனதுலேர்ந்து அந்தம்மா ஒண்ணுகூடத் தின்னதில்லை."

"நம்ம ஃபாதரை மந்திரிக்கச் சொன்னா?" என்றாள் ஜோசஃபின்.

"சபை வேற இல்லையா. ஒத்துக்கமாட்டாங்க."

"போற வழியில ரஸ்ஸல் மார்க்கெட்டுல வாங்கிக் கொடுத்துடேன்" என்றாள் டோரீன்.

"அவ பார்த்து ஆசைப்பட்டது இதுமேல. வேற எதைக் கொடுத்தாலும் அந்த ஏக்கம் வயித்துலதான் நிக்கும்." ஜோசஃபின் கிழவியிடமே போனாள். "ஏம்மா, காக்காய்க்குக் கொடுக்கிற மனசு வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு இல்லையா?"

மிஸ் கேத்தரின் பிரிஜெட்டின் வயிற்றையே பார்த்தாள்.

"எத்தனாவது?" என்றாள், ஆயாவிடம் பழகிய தமிழில்.

"மூணாவது. கையில ஒண்ணும் தங்கலை."

கிழவி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"விடுங்க அத்தை. அவங்க நோன்பு அவங்களுக்கு" என்றாள் பிரிஜெட். சொல்லும்போதே கண் பந்தலுக்குப் போய்த் திரும்பியது.

தூறல் பிடித்துக்கொண்டது. எல்லாரும் வேனில் ஏறினார்கள். மருமகளுக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கலாமென்று ஜோசஃபின் மட்டும் கூஜாவோடு கொல்லைக் குழாய்க்குப் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பந்தலுக்கடியில், மழையில், மிஸ் கேத்தரின். ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள்.

ஜோசஃபின் தண்ணீரும் பிடிக்காமல் திரும்பி வந்தாள்.

"மாஸ்டர், உங்க ஆர்மீனிய பக்தியைப் பார்த்தேன். நோன்பெல்லாம் நமக்குத்தான். நாம இந்தப் பக்கம் வந்ததும் தனியா நின்னு தின்னுட்டிருக்கு."

"இருக்காதும்மா" என்றார் நோயல் மாஸ்டர்.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேங்கறேன்."

"இத்தனை வருஷமும் இப்படித்தான் காக்கா பேர்ல கணக்கு எழுதியிருக்கும்" என்றாள் டோரீன். வேனுக்குள் சிரிப்பு எழுந்தது.

அது அடங்குவதற்குள் ஜன்னலோரம் கிழவி வந்து நின்றாள். தலை நனைந்திருந்தது. இடுப்பில் ஒரு கூடை, நிறையக் கறுப்புத் திராட்சை.

"வேண்டாம். நீங்களே வச்சுக்கிட்டு ஒளிஞ்சு நின்னு தின்னுங்க" என்றாள் ஜோசஃபின்.

கிழவியின் உதட்டில் சாறு கருநீலமாய் ஒட்டியிருந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கூடையை ஜன்னல் வழியாகப் பிரிஜெட்டின் மடியில் வைத்தாள்.

"மந்திரிக்காத கொடியில முதல் பழம் தின்னவங்க மேலதான் பாவம் ஏறும், பின்னால தின்னவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எங்க அம்மா சொல்லும். முதல் பழத்தை நான் தின்னுட்டேன். இனி நீ தின்னு கண்ணு."