கொல்லைக் கதவு

"கூலிச் சண்டை நடக்குற நேரத்துல, தெனம் மத்தியானம் கொல்லை வழியா எங்கடி போற? சங்கத்துக்காரன் எவனைப் பாக்க?"

காலையில் ஊர்க்கூட்டத்தில் கத்தினார் மிராசுதார் கோவிந்தராசு.

"ஊசி போடத்தாங்க" என்றாள் நர்ஸ் லூர்துமேரி.

"யாருக்கு?"

"நோயாளி பேரை வெளியில சொல்ல மாட்டேங்க."

"நர்சுன்னாலே இந்தப் பொழப்புதானே! பொட்டியைக் கட்டு!"

அவளை மாயவரம் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது.

மீசையை முறுக்கிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே வீடு திரும்பினார் மிராசுதார். கூடத்தில் இருமிக்கொண்டிருந்த மனைவி ரெங்கம்மாள், அவரைப் பார்த்ததும் ரத்தம் தெறித்த முந்தானையைச் சட்டென்று மறைத்தாள்.

கொல்லையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்:

"அம்மா, ஊசிக்கு வெந்நி வச்சாச்சு. நர்சக்காவை இன்னும் காணலியே! அப்பா வந்துடப் போறாரு!"