எந்த சான் ஃபெர்னாண்டோ?

“மைமூனக்கா, இன்னைக்கும் சான் ஃபெர்னாண்டோ!” மேலப்பாளையம் தபால்காரர் நம்பிராஜன் கவரை நீட்டாமல் நின்றார். “போன வாரம் சிலி, அதுக்கு முன்னால பிலிப்பைன்ஸ், அர்ஜென்டினா. எல்லா ஊர்லயும் சொந்தமா?”

“ஸ்பெயின்காரவுக போன இடமெல்லாம் அவுக புனிதர் பேரை வச்சிருக்காவ, தம்பி. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது.” மைமூன் பீடி இலையைக் கீழே வைத்தாள். “நாலு மாசம் முன்னால எம் மவன் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் பண்ணினான். ‘உம்மா, கப்பல்ல கை நசுங்கிட்டு. சான் ஃபெர்னாண்டோ ஆஸ்பத்திரியில கெடக்கேன்’னான். லைன் அறுந்துட்டு. எந்த நாடுன்னு தெரியலை. அந்தப் பேருள்ள ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டேன். முன்னப்பின்ன தெரியாதவுக தேடிப் பாத்துட்டு, ‘இங்க இல்லை’ன்னு பதில் போடுதாவ. இதுவும் அப்படித்தான் இருக்கும், குடுங்க.”

நம்பிராஜன் கவரை மறுபடி பார்த்தார். அவள் கையில் கொடுத்தார்.

“இது டிரினிடாட், அக்கா. உங்க பேரைக் கோணல்மாணலா எழுதியிருக்கு. தமிழ்ல.”