ஐந்து கைகள்

"மூண்டு மாதம். நாலாம் மாதமும் அந்தச் சரிவு அங்கை கிடந்தால், இந்தக் கறுப்புக் கோட்டை நான் கழட்டி வைச்சிடுறன்."

இளம் சட்டத்தரணி கஜீவன் மேசையில் ஓங்கித் தட்டினார். உதயகலா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் அவள். வழக்குப் பேச நல்ல ஆள் ஒருவரைப் பிடிப்பது அவள் பொறுப்பு. துணைக்கு வந்திருந்த தலைவர் நவரட்ணத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறம் தம்பி," என்று அவர் எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும், "கதைக்கேக்கை எச்சில் தெறிக்குது பிள்ளை. உவன் சரிவரான்," என்றார்.

முப்பது வருடம் ரயிலை நேரம் தவறாமல் அனுப்பி ஓய்வு பெற்ற நிலைய அதிபர் அவர். அவரே வேகமான ஆளை வேண்டாம் என்கிறார்! தன் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு உதயகலா நடையைக் கட்டினாள்.

வழக்கு இதுதான். மருதனார்மடத்தில் அவர்களுடைய தொடர்மாடிக்கு வாசலில் நான்கு படிகள். கீழ்த்தளத்துச் செபஸ்தியம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அவளுடைய மகன் லெனாட் யாரையும் கேட்காமல் படிக்குப் பக்கத்தில் சீமெந்தால் ஒரு சரிவு போட்டுவிட்டான், சக்கர நாற்காலி இறங்குவதற்கு. நிலம் பொது நிலம். சரிவு பிடித்த இடம், மேல் வீடொன்றின் சொந்தக்காரர், கனடாவில் இருக்கிற சுபாஸ்கரன், வந்தால் கார் விடுகிற இடம். நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர், "இண்டைக்குச் சரிவு, நாளைக்குச் சாப்பாட்டுக் கடை. வழக்குப் போடுங்கோ," என்று எல்லாருக்கும் குரல்பதிவு அனுப்பினார்.

நிருவாகக் குழு கூடியது. தலைவர் என்ற முறையில் நவரட்ணம் முதலில் கையைத் தூக்கினார். பிறகு இன்னொரு கை. இன்னும் இரண்டு. உதயகலா சுற்றிவரப் பார்த்தாள். நான்கு கைகளும் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. தன்னுடையதையும் தூக்கினாள்.

அடுத்த நாள் காலை மூன்றாம் மாடியில் உடுப்புக் காயப்போடும்போது கீழே சத்தம் கேட்டது. செபஸ்தியம்மா நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போய் மீன்காரனோடு மல்லுக்கு நின்றாள்.

"எட, உது போன பெரிய வெள்ளிக்குச் செத்த மீனெல்லோ! என்ரை கால்தான் போனது, கண் போகேல்லை!"

மீன்காரனே சிரித்துவிட்டான். சரிவை இடித்தால் மனுசி இனிப் பெட்டியில்தான் வெளியே வரும் என்று உதயகலாவுக்கு அப்போது பட்டது. தூக்கின கையை இறக்க அவளுக்குத் துணிவில்லை. ஆனால் வழக்கு நடக்கிற வரைக்கும் சரிவை யாரும் தொட முடியாது. ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது, வழக்கை முடிக்கவே தெரியாத ஒரு சட்டத்தரணி.

இரண்டாவதாகப் பார்த்த ஜெயனியோ கஜீவனை விடக் கெட்டிக்காரி. "வழக்கே தேவையில்லை. நான் ஒரு கடிதம் போட்டால் காணும். ரெண்டு கிழமையிலை அவையளே இடிப்பினம்."

உதயகலாவுக்கு ஏசிக் காற்றிலும் வியர்த்தது. நவரட்ணம் அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டார்.

"இந்தக் குளிருக்குள்ளை இருந்து வழக்குக் கதைக்க என்னாலை ஏலாது பிள்ளை," என்றார் படியிறங்கும்போது. "வேறை ஆர் இருக்கினம்?"

"அச்சுவேலியிலை பிலிப்பு எண்டு ஒராள் இருக்கிறார் ஐயா. கொஞ்சம் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் செய்வார்."

"ஆறுதலாச் செய்யிறவன் பிழை விடான். நட."

வலிகாமம் முழுக்க அவருக்குத் 'தவணைப் பிலிப்பு' என்றுதான் பெயர். ஒரு பூவரசு வேலிக்காக அவர் எடுத்த வழக்கில் இன்றைக்கு வேலியும் இல்லை, வேலிக்குச் சண்டை பிடித்தவர்களும் இல்லை. வழக்கு மட்டும் இருக்கிறது. அவருடைய கந்தோரில் கோப்பு அடுக்கின் மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அந்தக் கோப்புகளை யாரும் அசைக்கப்போவதில்லை என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

பிலிப்பு எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொண்டார். "அடுத்த மாதம் பாப்பம். அதுக்கங்காலை கோட்டு விடுமுறை வருது..."

"ஓம், ஓம், நீங்களே பாருங்கோ," என்று நவரட்ணம் கையெழுத்து வைத்துவிட்டு ஓட்டோ பிடிக்க வெளியே போனார்.

உதயகலா எழும்பவில்லை. வெளியே நிற்கிற தலைவரை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. என்றாலும் சொல்லிவிட்டாள்.

"சேர்... இந்த வழக்குக்கு ஒரு அவசரமும் இல்லை."

பிலிப்பு கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு காலம் இழுக்கவேணும்?"

அவள் திடுக்கிட்டாள். மறைத்துப் பயனில்லை. "செபஸ்தியம்மா இருக்கு மட்டும்."

"உங்கடை குழுவிலை எத்தினை பேர்?"

"என்னோடை அஞ்சு பேர், சேர்."

"அப்ப கணக்குச் சரி," என்றார் பிலிப்பு. "போன கிழமை முழுக்க ஒவ்வொருத்தராய் வந்து, 'வழக்கு உங்களிட்டை வந்தால் இழுத்து விடுங்கோ, மற்ற ஆக்களுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ' எண்டு கேட்டிட்டுப் போச்சினம்."

யன்னலுக்கு வெளியே ஓட்டோவை மறித்துக்கொண்டிருந்த நவரட்ணத்தைப் பேனையால் காட்டினார்.

"முதல் வந்தது உவர். நீர்தான் கடைசி."