ஒன்பது பேர் போதும்

"கிளாக் ஒருவர். தேவையில்லை."

சார்ஜன்ட் பண்டார சிங்களத்தில் எழுதித் தந்த தாளில் அந்த வரியை வதனி இரண்டு தரம் வாசித்தாள். அந்த இராணுவ முகாமில் டைப்பும் கடிதங்களும் பார்க்கும் ஒரே கிளாக் அவள்தான்.

எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி தலைமையகம் கேட்டிருந்தது. பத்துப் பேருக்குக் குறைவாகத் தேவைப்படும் முகாம்களை மூடிவிடுவார்களாம்.

வேறு யாராவது என்றால் நாலு பேர் செய்யும் வேலைக்கு எட்டுப் பேர் என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். இந்த மனுஷனோ மணிக்கூடும் கையுமாக வாசல் காவல், குசினிச் சமையல், ஸ்டோர் என்று மூன்று நாள் நின்று அளந்தார். இருபத்திரண்டு பேர் இருக்கும் முகாமுக்கு ஒன்பது பேர் போதுமாம். தன்னுடைய பதவியையும் தேவையில்லை என்று வெட்டியிருந்தார்.

தன் தலையில் தானே மண்ணள்ளிப் போடுகிறாரே, இவருக்கு என்ன வந்தது? வதனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமும் வந்தது. வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

டைப் பண்ணும்போது ஒன்பதைப் பன்னிரண்டாக்கினாள். தனக்காக மட்டுமா? எல்லோருக்கும் நல்லதுதானே.

கையெழுத்துப் போடப் போன சார்ஜன்ட் நிமிர்ந்தார்.

"வதனி, இது பிழை. ஒன்பது."

"ஒன்பதெண்டா காம்ப மூடிருவாங்க சேர்."

"ஓம்."

"உங்களையும் எங்கயாவது தூரத்துக்கு மாத்துவாங்க. எனக்கு வேலையே போயிரும். என்னத்துக்கு சேர் இப்பிடிச் செய்றீங்க?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து வைத்தார். கரடியனாறு சாமித்தம்பியின் கையெழுத்து. முகாம் நிற்பது அவருடைய வயல் காணியில். திருப்பித் தாருங்கள் என்று மாதம் ஒரு கடிதம் போடுவார்.

"காம்ப் மூடினா காணி அவருக்குப் போகும்," என்றார் சார்ஜன்ட்.

"அந்தாள் எழுதிக்கொண்டுதானே இருப்பாரு சேர். அதையெல்லாமா பாக்கிறது?"

சார்ஜன்ட் அவளைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது வதனி. மூணு வருசமா ஒவ்வொரு கடிதமும் நீங்கதானே வாசிச்சுச் சொன்னது?"