வெளியே நின்று கேட்ட படம்

"படம் ஓட ஆரம்பிச்சு அரை மணி ஆச்சு. ஒரு ஆளு சிரிக்கல. நீ உள்ள வா, லோபெட்டி."

மனாசே கொட்டகையின் பின்கதவில் நின்று கூப்பிட்டார். பசிபிக் கடலில், டோங்கா நாட்டின் அந்தச் சின்னத் தீவில் இருந்த ஒரே சினிமாக் கொட்டகை அவருடையது. நான்கு மாதம் கழித்து இன்றுதான் திறந்திருந்தார்.

லோபெட்டி ஈரப்பலா மரத்தடியை விட்டு நகரவில்லை. "சண்டைப் படம் போடுங்க மாமா. வந்து சொல்றேன்."

"கேட்டுப் பாத்துட்டேன். அழுதது போதும், அந்த ரெண்டும் படம் முழுக்க அடிச்சுக்கிட்டு கடைசில கல்யாணம் பண்ணிக்குமே, அதைத்தான் போடணும்னுட்டாங்க."

"ஊரே ஏழு தடவ பாத்த படம்."

"அதனாலதான் கேக்குறாங்க. அதுல யாரும் சாகமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

ஆங்கிலப் படங்களை, அவை ஓட ஓட டோங்கா மொழியில் சொல்வதற்கு அந்தக் கொட்டகையில் இரண்டு பேர் இருந்தார்கள். குதிரையும் துப்பாக்கியும் வந்தால் லோபெட்டி. காதலும் சிரிப்பும் வந்தால் பேனி. மைக் முன்னால் நின்றால் பேனி கதாநாயகி குரலில் கொஞ்சுவான், மாமியார் குரலில் ஏசுவான், திரையில் இல்லாத நாயைக்கூடக் குரைக்க வைப்பான்.

பேனி படம் சொல்லும் நாட்களில் லோபெட்டி உள்ளே வந்ததே இல்லை. ஆறு வருடமாக இதே மரத்தடியில் நின்று பலகைச் சுவர் வழியே கேட்டிருக்கிறான். உள்ளே ஜன்னல் ஓரம் கலோ உட்கார்ந்திருப்பாள். எல்லோருக்கும் முன்னால் அவள் சிரிப்புதான் கிளம்பும். அதை வைத்தே திரையில் எந்த இடம் வந்திருக்கிறது என்று லோபெட்டிக்குத் தெரிந்துவிடும்.

பேனிக்கும் கலோவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் துணி எடுக்கத் தலைநகருக்குப் படகேறினார்கள். துணைக்கு ஓர் அத்தை; படகில் இன்னும் பதினாறு பேர். படகு போய்ச் சேரவில்லை.

"பேனி நின்ன எடத்துல போய் நிக்க மனசு ஒப்பலியா?"

"அது இல்ல மாமா. இன்னிக்கு வரைக்கும் ஒரு பலகைகூட கரை ஒதுங்கல. நான் உள்ள காலெடுத்து வெச்சா, அவங்க இனிமே வரமாட்டாங்கன்னு நானே ஊரக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆயிடும்."

அந்த நேரம் பார்த்து மீனவன் ஒருவன் ஈரக்காலோடு ஓடிவந்து சீட்டு ஜன்னலில் தலையை நீட்டினான். உள்ளே மனாசேயின் மனைவி செய்னி.

"உன் தங்கச்சி உள்ள இருக்கா. நாளைக்கு வா," என்றாள் செய்னி.

"அவளை நாளைக்கு வரச் சொல்லக் கூடாதா அத்தை?"

"அவ முந்திக்கிட்டா. நாலு எடத்துல முத்தம் வருது. அண்ணனும் தங்கச்சியும் ஒரே கூரைக்குக் கீழ ஒக்காந்து பாப்பீங்களோ? வெக்கங்கெட்டவனே, ஓடு!"

அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான். தெருமுனையில் மறையும்வரை லோபெட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோபெட்டி," என்றார் மனாசே. "இங்கிலீஷ் தெரிஞ்சவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான் மிச்சம். உள்ள போய்ப் பாரு. பொம்மை மாதிரி ஒக்காந்திருக்காங்க. இனிமே உன்னைத் தடுக்க யாருடா இருக்கா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. "தப்பா சொல்லிட்டேன்," என்று அவன் கையைப் பிடித்தார்.

லோபெட்டி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு ஊர் வழக்கப்படி துக்கத்துக்காக இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பாயைச் சரிசெய்துகொண்டு பின்கதவு வழியே உள்ளே போனான்.

கொட்டகையில் பாதிப் பேர் கறுப்பில் இருந்தார்கள். அவனைக் கண்டதும் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. முன்வரிசைக் கிழவி ஒருத்தி கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

காதால் மட்டுமே தெரிந்த படத்தை அவன் அன்றுதான் கண்ணால் பார்த்தான். கதாநாயகன் பூங்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். லோபெட்டி மைக்கை எடுத்தான்.

"டேய் மடையா, எறங்குடா! அது உன் மாமியார் ஜன்னல்!"

பேனி சொல்லும் வாக்கியம் அது. சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்தினான், ஜன்னல் ஓரத்துச் சிரிப்புக்காக. அது வரவில்லை.

முகத்தைப் பொத்தியிருந்த கிழவிதான் முதலில் சிரித்தாள். அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவள். பிறகு மொத்தக் கொட்டகையும் சிரித்தது. சிரித்தபடியே சிலர் அழுதார்கள். வாசலில் நின்ற மனாசே சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. மழையில் நனைந்துகொண்டு அவனும் அவளும் எதிரெதிரே நின்றார்கள்.

"போனது போகட்டும், வந்துடு," என்றான் லோபெட்டி மைக்கில். "நீ சிரிக்காத வீட்டுல எனக்கு விடியவே மாட்டேங்குது."

குரல் ஓரிடத்தில் பிசிறியது. அவன் நிறுத்தவில்லை. தங்கை உட்கார்ந்திருக்கும் கூரைக்குக் கீழே எந்த அண்ணனும் வாயில் எடுக்கக் கூடாத அந்தச் சொற்களை, கலோவின் அண்ணன் அன்று கடைசி முத்தம்வரை சொல்லி முடித்தான்.