பழுப்பு ஏறாத ஸ்லைடு

சாய்ந்த வெயில் ஆய்வக மேசையில் கிடக்கிறது. அதன் விளிம்பில் இரண்டு ஸ்லைடுகள். ஒன்றில் தங்கையின் அக்குளிலிருந்து எடுத்த நெறிக்கட்டியின் சீவல். மார்பிலிருந்த புற்று அதுவரை பரவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மற்றதில் யாரோ ஒருவரின் சதை; அதில் புற்று இருப்பது ஏற்கெனவே தெரியும். இரண்டின் மேலும் அக்கா காலையில் ஒரே ஆன்டிபாடியைத்தான் விட்டாள். புற்றின் புரதம் இருந்தால் அது தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் பழுப்பாகும். இல்லாவிட்டால் வெறும் நீலம். தெரிந்ததை முதலில் பார், அப்புறம்தான் நோயாளியுடையதை என்று புதிதாக வருகிறவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவள் அவளேதான். இன்று அவள் கை அவள் பேச்சையே கேட்கவில்லை. தங்கையுடையதை மைக்ராஸ்கோப்பில் வைக்கிறாள். நீலம். ஓரத்துக்கு நகர்த்துகிறாள். அங்கும் நீலம். கைப்பையின் வாரை முறுக்கியபடி வெளியே நிற்கும் தங்கை கண்ணாடிக் கதவை லேசாகத் திறக்கிறாள். "அக்கா, ஏதாவது சொல்லேன்." "எங்கயும் பரவலடி. போய் உக்காரு." வாய் முந்திக்கொள்கிறது. கதவு சாத்திக்கொள்கிறது. முறைக்காக மற்ற ஸ்லைடையும் வைக்கிறாள். நீலம். பழுப்பாகிக் கிடக்க வேண்டிய இடமெல்லாம் நீலம். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பி மறுபடியும் பார்க்கிறாள். ஆன்டிபாடி வேலையே செய்யவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தங்கை போனில் சிரித்துக்கொண்டே அழுகிறாள். "பரவலையாம், அம்மா! அக்காவே பார்த்துச் சொல்லிட்டா!"