மறுபடி நிறுவியது

ஞானசுந்தரியின் மடிக்கணினியில் புதிதாகக் குடியேறிய இயங்குதளம், அலுவலகத்துக்குப் பாதை திறக்கும் வி.பி.என். செயலியை வாசலிலேயே நிறுத்தியது.

"யாருப்பா நீ? அனுமதி இருக்கா?"

"என்னையா கேக்கிறே? இங்கேர்ந்து ஆபீசுக்குப் பாதை போட்டவனே நான்தான். நேத்து வந்த உன்கிட்ட கைகட்டி நிக்கணுமா? முடியாது!"

திரை மூலையிலிருந்த கடிகாரம் பதறியது. "அண்ணே, ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இல்லேன்னா உங்களை அழிச்சிடுவாங்க."

"அழிக்கட்டுமே! நான் இல்லாம அவ எப்படி வேலை பார்ப்பா?"

ஞானசுந்தரி வி.பி.என். செயலியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்; பாதை திறக்கவில்லை. பிறகு செயலியை அழித்துவிட்டு, அதையே மறுபடி நிறுவினாள்.

அதே முகத்தோடு வந்த வி.பி.என்., "ஐயா, உள்ளே வரலாமுங்களா?" என்று குனிந்து கேட்டது. பாதை திறந்தது.

"அண்ணே, இதை அப்பவே கேட்டிருக்கலாமே!" என்று கடிகாரம் கொதித்தது.

வி.பி.என். திரும்பிப் பார்த்தது. "நீங்க யாருங்க?"